செலவு 0.07 சதவீதம், கொரியா தனி: ஒரு வளரும் சந்தை இண்டெக்ஸ் ஃபண்டின் கணக்கு

2012 அக்டோபர் 2ஆம் தேதி அமெரிக்காவின் வான்கார்ட் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதன் 22 இண்டெக்ஸ் ஃபண்டுகள் பின்பற்றி வந்த குறியீடுகள் மாறப்போகின்றன. அவற்றில் ஆறு வெளிநாட்டு ஃபண்டுகள் எம்எஸ்சிஐ என்ற நிறுவனம் தயாரிக்கும் குறியீடுகளை விட்டுவிட்டு, அதன் போட்டியாளரான எஃப்டிஎஸ்இயின் குறியீடுகளுக்குப் போகும். குறியீட்டுக்காகக் கட்டும் உரிமக் கட்டணம் இதனால் குறையும், மிச்சமாகும் பணம் முதலீட்டாளர்களுக்கே வந்து சேரும் என்று காரணம் சொன்னார்கள். அன்றைக்கு எம்எஸ்சிஐ நிறுவனத்தின் பங்கு விலை கால் பங்குக்கு மேல் சரிந்தது.

அந்த ஆறில் ஒன்றுதான், சீனா, இந்தியா, பிரேசில் போன்ற வளரும் நாடுகளின் பங்குகளில் பணம் போடும் வான்கார்டின் வளரும் சந்தை ஃபண்ட். அதில் பணம் போட்டிருந்தவர்களுக்கு அறிவிப்பின் உட்பொருள் வேறு. எம்எஸ்சிஐ கணக்கில் தென்கொரியா இன்றும் வளரும் சந்தை. எஃப்டிஎஸ்இ கணக்கில் அது 2009 செப்டம்பரிலேயே வளர்ந்த சந்தையாகிவிட்டது. ஆகவே குறியீடு மாறினால், ஃபண்டில் சுமார் 15 சதவீதம் இருந்த கொரியப் பங்குகள் மொத்தமும் போக வேண்டும். அப்போது ஃபண்டின் மிகப் பெரிய முதலீடுகளில் ஒன்றாக இருந்த சாம்சங் எலக்ட்ரானிக்ஸும் சேர்த்துத்தான்.

செலவைக் குறைக்க எடுத்த முடிவு, ஃபண்டுக்குள் என்ன இருக்கிறது என்பதையே மாற்றிவிட்டது. இந்த ஃபண்டை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது அதனால்தான். இண்டெக்ஸ் ஃபண்ட் என்றால் நாம் முதலில் பார்ப்பது செலவு விகிதம், அதாவது ஆண்டுதோறும் நம் முதலீட்டிலிருந்து ஃபண்ட் எடுக்கும் கட்டணத்தின் சதவீதம். பார்க்க வேண்டியதுதான். ஆனால் வளரும் சந்தைகளைப் பொறுத்தவரை, அந்த எண்ணைவிடப் பெரிய தொகைகள் வேறு இடங்களில் கைமாறுகின்றன. அவை விளம்பரத் தாளில் தடித்த எழுத்தில் வருவதில்லை.

தொடக்க காலம்

இந்த ஃபண்ட் 1994 மே மாதம் தொடங்கியது. வந்த நேரம் சரியில்லை. அந்த டிசம்பரிலேயே மெக்சிகோ பெசோ சரிந்தது. 1997 ஜூலையில் தாய்லாந்தின் பாத், அதைத் தொடர்ந்து இந்தோனேசியா, கொரியா. 1998 ஆகஸ்டில் ரஷ்யா கடனைத் திருப்பித் தராமல் கைவிரித்தது. அடுத்த மாதமே மலேசியா மூலதனக் கட்டுப்பாடு கொண்டுவந்து வெளிநாட்டு முதலீட்டாளர்களின் பணத்தை ஓராண்டுக்கு வெளியே எடுக்க விடாமல் பூட்டியது. முதல் ஐந்து ஆண்டுகளிலேயே, வளரும் சந்தையில் என்னென்ன நடக்கலாம் என்பதற்கு ஒரு முழுப் பட்டியல் கிடைத்துவிட்டது.

அந்தக் காலத்தில் இதற்குள் நுழையவும் வெளியேறவும் தனிக் கட்டணம் இருந்தது. வெகுகாலம் அது நுழையும்போது அரை சதவீதம் என்று இருந்தது. கேட்டதும் முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால் அந்தப் பணம் நிறுவனத்தின் கல்லாவுக்குப் போகவில்லை, ஃபண்டுக்குள்ளேயே சேர்ந்தது. பிரேசிலிலும் தாய்வானிலும் பங்கு வாங்க ஆகும் தரகும் மற்ற செலவுகளும் யாராவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். புதிதாக வருபவர் கொடுக்காவிட்டால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் தலையில் விழும். என்னைக் கேட்டால் அது நியாயமான ஏற்பாடுதான். சந்தைகள் மலிவாகி, ஃபண்டும் பெரிதான பிறகு அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள்.

2003 ஏப்ரலில் ஐஷேர்ஸ் தன் எம்எஸ்சிஐ வளரும் சந்தை இடிஎஃப்பைக் (பங்கைப்போலச் சந்தையில் வாங்கி விற்கக்கூடிய ஃபண்ட்) கொண்டுவந்தது. ஆண்டுச் செலவு 0.75 சதவீதம். வான்கார்ட் 2005 மார்ச்சில் தன் ஃபண்டின் இன்னொரு யூனிட் வகையாக இடிஎஃப்பை இறக்கியது. செலவு 0.30 சதவீதம். ஒரே மாதிரிப் பொருளுக்கு இரண்டு கடை, இரண்டு விலை. இரண்டில் விலை கூடுதலான கடைதான் பல ஆண்டுகள் பெரிய கடையாக இருந்தது.

2009இல் காணாமல் போன 6.7 புள்ளிகள்

2008இல் எம்எஸ்சிஐ வளரும் சந்தைக் குறியீடு டாலர் கணக்கில் 53.3 சதவீதம் விழுந்தது. 2009இல் 78.5 சதவீதம் ஏறியது. இரண்டையும் கூட்டிக் கழித்தால் 25 சதவீதம் லாபம் வந்த மாதிரி தெரியும். உண்மையில் 100 டாலர் 46.7 ஆகி, அது 83.3 ஆனது. 16.7 சதவீதம் நஷ்டம். அடுத்த ஆண்டு 18.9 சதவீதம் ஏறிய பிறகுதான் 100ஐ எட்டிப் பிடித்தது, அதுவும் ஒரு டாலர் குறைவாக. இந்தச் சந்தைகளின் சராசரி வருமானத்தைப் பற்றி யாராவது பேசினால் இந்த மூன்று ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது.

நான் சொல்ல வந்த விஷயம் அதற்குள் இருக்கிறது. 2009இல் குறியீடு 78.5 சதவீதம் ஏறியபோது ஐஷேர்ஸ் இடிஎஃப்பின் என்ஏவி (ஒரு யூனிட்டின் நிகர மதிப்பு) ஏறியது 71.8 சதவீதம்தான். இடைவெளி 6.7 புள்ளி. செலவு விகிதமோ 0.72 சதவீதம். சரி, ஏறுகிற ஆண்டில் செலவும் பெருகிய தொகையின் மேல்தான் விழும் என்று வைத்துக்கொண்டாலும், அது ஒன்றே கால் புள்ளியை ஒட்டித்தான் வரும். மீதி ஐந்தரைப் புள்ளி எங்கே போனது?

யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அந்த ஃபண்ட் குறியீட்டில் உள்ள எல்லாப் பங்குகளையும் வாங்கி வைத்திருக்கவில்லை. மாதிரிக்குச் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, அவற்றைக் கொண்டு குறியீட்டின் போக்கை ஒட்டிப் போக முயன்றது. சாதாரண ஆண்டுகளில் அது ஓரளவு நடக்கும். 2009இல் அடிமட்டத்திலிருந்து எகிறியவை, கையில் இல்லாத சின்னப் பங்குகளாக அமைந்துவிட்டன. அதே ஆண்டில் கிட்டத்தட்ட எல்லாப் பங்குகளையும் வைத்திருந்த வான்கார்ட் ஃபண்டின் சாதாரண யூனிட் 76 சதவீதம் ஏறியது. அதற்கும் இடைவெளி இருந்தது, ஆனால் இரண்டரைப் புள்ளிதான்.

இண்டெக்ஸ் ஃபண்ட் என்ற பெயரைக் கேட்டதும் குறியீட்டின் வருமானத்திலிருந்து கட்டணத்தைக் கழித்தால் நம் வருமானம் வந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த ஓர் ஆண்டே போதும். அமெரிக்கப் பெரிய நிறுவனங்களின் குறியீட்டில் அந்தக் கணக்கு சரியாக வரும். இருபதுக்கு மேற்பட்ட நாடுகள், அத்தனை நாணயங்கள், அத்தனை வரிச் சட்டங்கள் என்று போகும்போது வராது. ஆகவே ஃபண்டைத் தேர்ந்தெடுக்கும்போது செலவு விகிதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் எழுத வேண்டும்: ஒவ்வோர் ஆண்டும் குறியீட்டுக்கும் ஃபண்டுக்கும் இருந்த வித்தியாசம். பத்து வருடத்துக்கு எழுதிப் பார்த்தால் மேலாளரின் கைத்திறம் தெரிந்துவிடும்.

அந்த ஆண்டுக்குப் பிறகு பணம் நகர்ந்தது. 2011 தொடக்கத்துக்குள் வான்கார்ட் இடிஎஃப் ஐஷேர்ஸை முந்திவிட்டது. ஆனாலும் ஐஷேர்ஸின் விலை கூடிய இடிஎஃப் காணாமல் போய்விடவில்லை. இன்றும் அதன் செலவு 0.7 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. ஏனென்றால் அதன் மேல் ஆப்ஷன் (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) வியாபாரம் கொழிக்கிறது. மூன்று நாள் வைத்திருந்து விற்பவருக்கு ஆண்டுச் செலவு ஒரு பொருட்டே இல்லை, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளிதான் முக்கியம். நீண்ட காலம் வைத்திருப்பவர்களுக்காக அதே நிறுவனம் 2012 அக்டோபரில், அதாவது வான்கார்ட் அறிவித்த அதே மாதத்தில், 0.18 சதவீதச் செலவில் இன்னொரு இடிஎஃப்பைத் திறந்தது. ஒரே நிறுவனம், ஒரே சந்தை, நான்கில் ஒரு பங்கு விலை. பழையதில் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் பழைய விலையையே கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வறண்ட பத்து ஆண்டுகள்

2000 முதல் 2009 வரை அமெரிக்காவின் எஸ்&பி 500 ஒன்றும் தரவில்லை, டிவிடெண்டைச் சேர்த்தும் ஆண்டுக்கு ஒரு சதவீதம்போலக் கரைந்தது. அதே காலத்தில் வளரும் சந்தைகள் ஆண்டுக்கு 10 சதவீதத்தை ஒட்டிக் கொடுத்தன. சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது, இரும்புத்தாதும் எண்ணெயும் விலை ஏறின, பிரேசிலும் ரஷ்யாவும் கொழுத்தன. பத்தாண்டு முடியும்போது எல்லா ஆலோசகர்களும் வளரும் சந்தையை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அடுத்த பத்தில் அப்படியே தலைகீழ். 2010 முதல் 2019 வரை எம்எஸ்சிஐ வளரும் சந்தைக் குறியீடு ஆண்டுக்கு 3.7 சதவீதம். எஸ்&பி 500 ஆண்டுக்கு 13 சதவீதத்துக்கு மேல்.

இந்தப் பத்து ஆண்டில்தான் செலவின் உண்மையான முகம் தெரிகிறது. 10,000 டாலர், செலவே இல்லை என்றால், 2019 முடிவில் 14,350 ஆகியிருக்கும். லாபம் 4,350. ஆண்டுக்கு 0.15 சதவீதம் எடுத்தால் லாபம் சுமார் 4,140. ஆண்டுக்கு 0.68 சதவீதம் எடுத்தால் சுமார் 3,400. இது குறியீட்டு எண்களை வைத்து நான் போட்ட கணக்கு, எந்த ஃபண்டின் அறிக்கையும் அல்ல. பாருங்கள், கட்டணம் 0.68 என்று கேட்டால் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அது கழிக்கப்படுவது முழு முதலீட்டிலிருந்து. லாபத்தில் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. 10 சதவீதம் கொடுத்த முந்தைய பத்தாண்டில் இதே கட்டணம் யார் கண்ணையும் உறுத்தியிருக்காது. மழை நன்றாகப் பெய்த வருடத்தில் குத்தகை பெரிதாகத் தெரியாது, பொய்த்த வருடத்தில் தெரியும்.

மலிவான ஃபண்டைத் தேர்ந்தெடுத்தவருக்கும் அந்தப் பத்தாண்டில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். செலவைக் குறைப்பதால் கெட்ட சந்தை நல்ல சந்தையாகிவிடாது. 2013இலிருந்து 2024 முடிய உள்ள 12 ஆண்டுகளை எடுத்தால் குறியீட்டின் மொத்த ஏற்றமே 36 சதவீதம்தான். ஆண்டுக்கு 2.6.

கொரியாவுக்கு என்ன ஆனது

ஏறத்தாழ 900 கோடி டாலர் மதிப்புள்ள கொரியப் பங்குகளை ஒரே நாளில் சந்தையில் கொட்ட முடியாது. ஆகவே இடைக்காலத்துக்கென்றே ஒரு குறியீட்டை எஃப்டிஎஸ்இ தயாரித்தது. அதில் கொரியாவின் பங்கு ஒவ்வொரு வாரமும் நான்கு சதவீதம் என்ற அளவில், 25 வாரங்களில் பூஜ்ஜியமானது. 2013 ஜனவரியில் ஆரம்பித்து ஜூன் கடைசியில் முடிந்தது. எப்போது, எவ்வளவு விற்கப்போகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். முன்கூட்டியே தெரிந்த விற்பனைக்கு நல்ல விலை கிடைக்காது என்பது சந்தையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அதனால்தான் துண்டு துண்டாகப் பிரித்தார்கள்.

அந்த ஆண்டின் வருமானம்: எம்எஸ்சிஐ குறியீடு மைனஸ் 2.6, வான்கார்ட் ஃபண்ட் மைனஸ் 5. மற்ற வளரும் சந்தைகள் இறங்கிய ஆண்டில் கொரியா டாலர் கணக்கில் சற்று ஏறியிருந்தது. ஃபண்ட் அதை விற்றுக்கொண்டிருந்தது. உரிமக் கட்டணத்தில் மிச்சம் பிடித்தது ஒரு சதவீதத்தில் நூறில் சில பங்குதான். ஓர் ஆண்டில் விட்டது இரண்டரைப் புள்ளி.

இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, ஏனென்றால் கதை அதோடு முடியவில்லை. 2014இல் எம்எஸ்சிஐ குறியீடு 2.2 சதவீதம் விழுந்தது, வான்கார்ட் ஃபண்ட் துளி லாபத்தில் முடித்தது. 2017இல் சாம்சங்கும் எஸ்கே ஹைனிக்ஸும் மெமரி சிப் விலையேற்றத்தில் பறந்தன. குறியீடு 37 சதவீதம், வான்கார்ட் 31. 2021இலும் 2022இலும் கொரியா சறுக்கியது, வான்கார்ட் இரண்டு ஆண்டுமே முந்தியது. 2024இல் கொரியா மறுபடி அடி வாங்கியது. அந்த டிசம்பரில் அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டம் அறிவித்துச் சில மணி நேரத்தில் திரும்பப் பெற்ற கூத்தும் நடந்தது. எம்எஸ்சிஐ 7.5 சதவீதம், வான்கார்ட் 11 பக்கம். பிறகு 2025. கொரியாவின் கோஸ்பி குறியீடு ஒரே ஆண்டில் 70 சதவீதத்துக்கு மேல் ஏறியது. எம்எஸ்சிஐ 30ஐத் தாண்டியது, வான்கார்ட் 25ஐ ஒட்டி நின்றது.

2013 முதல் 2024 வரை கூட்டிப் பார்த்தால் என் கணக்கில் வித்தியாசம் ஆண்டுக்கு அரைப் புள்ளிக்கும் குறைவு, அதுவும் வான்கார்ட் பக்கம். 2025 ஓர் ஆண்டு அதைத் தின்றுவிட்டு மேலும் கேட்டது.

எல்லாமே கொரியாவால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. 2015 நவம்பரிலிருந்து வான்கார்ட் ஃபண்டின் குறியீடு மறுபடி மாறியது. சின்ன நிறுவனங்களும், ஷாங்காய், ஷென்சென் சந்தைகளில் பட்டியலிடப்பட்ட சீனாவின் ஏ வகைப் பங்குகளும் சேர்ந்தன. எம்எஸ்சிஐ அந்தப் பங்குகளைத் தொட்டதே 2018இல்தான். இன்று வான்கார்ட் ஃபண்டில் ஆயிரக்கணக்கான பங்குகள் இருக்கின்றன. கொரியா இல்லாததால் தாய்வான், சீனா, இந்தியா மூன்றின் பங்கும் இயல்பாகவே கூடுதல்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது ஒன்று. ஃபண்டின் ஆண்டறிக்கையை எடுத்துப் பார்த்தால் எந்த ஆண்டிலும் குறியீட்டை நன்றாகப் பின்பற்றியதாகத்தான் இருக்கும். பொய் இல்லை. 2013இலும் அது தன் குறியீட்டை ஒட்டியே போனது. அந்தக் குறியீடே வேறு ஒன்றாகிவிட்டது என்பதுதான் விஷயம். செயலற்ற முதலீடு என்று நாம் சொல்வதற்குள், கொரியா வேண்டுமா வேண்டாமா என்ற முடிவை யாரோ ஒரு குழு உட்கார்ந்து எடுக்கிறது. எம்எஸ்சிஐயின் குழு, கொரிய வோனை வெளிநாட்டில் தாராளமாக வாங்கி விற்க முடியவில்லை, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பதிவு செய்து எண் வாங்க வேண்டியிருக்கிறது என்று காரணம் சொல்லி வந்தது. 2023 டிசம்பரில் கொரியா அந்தப் பதிவு முறையை எடுத்துவிட்டது. 2024 ஜூலையிலிருந்து வோன் வர்த்தக நேரத்தை அதிகாலை 2 மணி வரை நீட்டித்தது. 2025 ஜூன் மதிப்பாய்வுக்குப் பிறகும் எம்எஸ்சிஐ அதை வளரும் சந்தையிலேயே வைத்திருந்தது. ஒருநாள் அது உயர்த்தப்பட்டால், 2013இல் வான்கார்ட் செய்ததை எம்எஸ்சிஐயைப் பின்பற்றும் அத்தனை ஃபண்டுகளும் சேர்ந்து செய்ய வேண்டியிருக்கும்.

ரசீது கிடைக்காத செலவுகள்

2025 பிப்ரவரியில் வான்கார்ட் தன் பல ஃபண்டுகளின் செலவைக் குறைத்தது. இந்த இடிஎஃப்பின் விகிதம் 0.08இலிருந்து 0.07 ஆனது. லட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 70 ரூபாய். இதற்கு மேல் குறைய இடமில்லை என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் 2005இலும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

இனி இந்த 70 ரூபாயில் அடங்காதவற்றைப் பார்ப்போம். பங்கு வாங்கி விற்கும்போது அந்தந்த நாட்டு அரசுகள் எடுப்பது முதலாவது. இந்தியாவில் டெலிவரி எடுக்கும் பங்குக்கு வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி). தாய்வானில் விற்கும்போது 0.3 சதவீதம். ஹாங்காங்கில் இரு தரப்பும் தலா 0.1 சதவீதம் முத்திரை வரி. இண்டெக்ஸ் ஃபண்ட் அடிக்கடி வாங்கி விற்பதில்லை என்பதால் இது கட்டுக்குள் இருக்கிறது. அடிக்கடி கைமாற்றும் மேலாளரின் ஃபண்டில் இதுவே நல்ல தொகையாகிவிடும்.

டிவிடெண்ட் மீதான வரிப்பிடித்தம் இன்னொன்று. எம்எஸ்சிஐயின் நிகரக் குறியீட்டில் இது முன்பே கழிக்கப்பட்டிருக்கும், ஆகவே இதனால் இடைவெளி தெரியாது. தெரியாததால் இல்லை என்று ஆகிவிடாது.

இந்தியாவின் மூலதன ஆதாய வரி குறியீட்டில் இல்லவே இல்லை. 2018 ஏப்ரல் முதல் பட்டியலிட்ட பங்குகளில் நீண்டகால ஆதாயத்துக்கு 10 சதவீத வரி வந்தது. 2024 ஜூலையில் அது 12.5 ஆனது, குறுகிய காலத்துக்கு 15இலிருந்து 20. வெளிநாட்டு ஃபண்டுகளுக்கும் இது பொருந்தும். முன்பு மொரீஷியஸ் வழியாக வந்து தப்பித்தவர்கள் உண்டு. 2016இல் அந்த ஒப்பந்தம் திருத்தப்பட்டு, 2017 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய பங்குகளுக்கு அந்த வழி அடைபட்டது. இந்தியப் பங்கு ஏற ஏற, அதை விற்றால் கட்ட வேண்டிய வரியையும் கணக்கில் எடுத்து ஃபண்ட் தன் என்ஏவியிலிருந்து ஒதுக்கி வைக்கிறது. விற்காவிட்டாலும் ஒதுக்கும். குறியீடோ வரியே இல்லாத உலகத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. இந்தியச் சந்தை நன்றாக ஓடிய ஆண்டில் ஃபண்ட் ஏன் குறியீட்டைவிடப் பின்தங்கியது என்று கேட்பவர்கள், ஆண்டறிக்கையின் இருப்புநிலைக் குறிப்பில் வெளிநாட்டு மூலதன ஆதாய வரிக்கான ஒதுக்கீடு என்ற வரியைத் தேடிப் பார்க்கலாம்.

எதிர்த்திசையில் வருவதும் ஒன்று உண்டு. கையில் உள்ள பங்குகளை, விலை விழும் என்று எதிர்பார்த்துக் கடன் வாங்கி விற்கும் ஷார்ட் அடிப்பவர்களுக்குக் கடனாகக் கொடுத்து ஃபண்ட் வாடகை சம்பாதிக்கிறது. வான்கார்ட் அந்த வருமானத்தைச் செலவு போக முழுவதும் ஃபண்டிலேயே சேர்க்கிறது. ஐஷேர்ஸை நடத்தும் பிளாக்ராக் ஒரு பகுதியைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது.

பிறகு ரஷ்யா. 2022 பிப்ரவரி 24இல் உக்ரைன் மீது படையெடுப்பு. 28ஆம் தேதி மாஸ்கோ பங்குச் சந்தை திறக்கவில்லை. எஃப்டிஎஸ்இ மார்ச் 7இலும் எம்எஸ்சிஐ மார்ச் 9இலும் ரஷ்யப் பங்குகளைக் குறியீட்டிலிருந்து நீக்கின, ஏறத்தாழ பூஜ்ஜிய விலையில். சுமார் 3 சதவீதம் இரண்டு வாரத்தில் ஒன்றுமில்லாமல் போனது. செலவு விகிதம் அப்போதைய 0.08 என்று வைத்தால், 37 ஆண்டுகளுக்கான கட்டணம் அது. காஸ்ப்ரோம், லூக்காயில், ஸ்பேர்பேங்க் பங்குகள் இன்னும் ஃபண்டுகளின் இருப்புப் பட்டியலில் கிடக்கின்றன. எண்ணிக்கைக் கட்டத்தில் பெரிய எண், மதிப்புக் கட்டத்தில் பூஜ்ஜியம். விற்கவும் முடியாது, தூக்கிப் போடவும் முடியாது.

சென்னையிலிருந்து வாங்கினால்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் பலருக்கு இந்த ஃபண்டோ இதன் பங்காளிகளில் ஒன்றோ ஓய்வூதியக் கணக்கில் ஏற்கெனவே இருக்கும். அவர்களுக்கு மேலே சொன்னதோடு கணக்கு முடிந்தது. இந்தியாவில் இருந்துகொண்டு எல்ஆர்எஸ் (தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் திட்டம்) வழியாக வாங்க நினைப்பவர்களுக்கு 0.07 என்ற எண் கிட்டத்தட்டப் பொருளற்றது.

ரூபாயை டாலராக மாற்ற வங்கி எடுக்கும் வித்தியாசமே பல ஆண்டுகளின் செலவு விகிதத்தைச் சாப்பிட்டுவிடும். ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டி அனுப்பினால் 20 சதவீதம் டிசிஎஸ் (அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி). வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். டிவிடெண்டில் 25 சதவீதத்தை அமெரிக்கா பிடிக்கும். அதற்கு இங்கே வரவு கேட்கலாம், படிவம் நிரப்பும் பொறுமை இருந்தால். வைத்திருப்பவர் இறந்துவிட்டால் 60,000 டாலருக்கு மேலுள்ள அமெரிக்கச் சொத்துக்கு அந்நாட்டு வாரிசு வரி, 40 சதவீதம் வரைக்கும் போகும். பெரிய தொகை வைப்பவர்கள் அயர்லாந்தில் பதிவான ஃபண்டுகளைத் தேடிப் போவது இதற்காகத்தான். ஐஷேர்ஸின் அயர்லாந்து வளரும் சந்தை ஃபண்டுக்குச் செலவு 0.18 சதவீதம். எண் பெரிது, ஆனால் வாரிசு வரி இல்லை. அந்தக் கூடுதல் 0.11 சதவீதத்தை நான் காப்பீடாகவே எடுத்துக்கொள்வேன்.

வருமானத்தையும் ரூபாயில் பார்க்க வேண்டும். 2009 முடிவில் டாலர் சுமார் 46.50 ரூபாய், 2019 முடிவில் 71.30. ஆகவே டாலரில் 3.7 சதவீதம் கொடுத்த அந்த வறண்ட பத்தாண்டு ரூபாயில் ஆண்டுக்கு 8 சதவீதத்துக்குச் சற்று மேல். வங்கி டெபாசிட் கொடுத்த அளவுதான் அது. அதே காலத்தில் நிஃப்டி 5,201இலிருந்து 12,168க்குப் போனது, டிவிடெண்டைச் சேர்த்தால் ஆண்டுக்கு 10 சதவீதம் பக்கம். நாணயம் சரிந்ததால் கிடைத்த லாபத்தை ஃபண்டின் திறமை என்று எண்ணிக்கொள்ளும் வழக்கம் இங்கே நிறைய இருக்கிறது.

கொரியா இல்லாத இந்த ஃபண்டில் இந்தியாவின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. மேல்வரிசைப் பட்டியலில் எச்டிஎஃப்சி வங்கியும் ரிலையன்ஸும் இருக்கும். சென்னையிலிருந்து லட்சம் ரூபாய் அனுப்பினால் அது டாலராக மாறி, டிசிஎஸ் கணக்கில் ஏறி, நியூயார்க் போய், அதில் 20,000 ரூபாய் மும்பைக்கே திரும்பி வந்து எச்டிஎஃப்சி வங்கிப் பங்கை வாங்குகிறது. அந்தப் பங்கின் ஆதாயத்துக்கு ஃபண்ட் இந்தியாவுக்கு வரி ஒதுக்குகிறது. நீங்கள் யூனிட்டை விற்கும்போது, இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீதம், அதே ஆதாயத்துக்கு நீங்களும் இந்தியாவுக்கு வரி கட்டுகிறீர்கள். ஃபண்ட் கட்டியதற்கு உங்களுக்கு வரவு கிடையாது.